காற்றை நம்பி ஓடும் எஞ்சின்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் எங்களுக்குத் தென்னந்தோப்பும் ஒரு சிறிய எண்ணெய் ஆலையும் இருக்கின்றன. சிறு வயது முதல் இருந்த ஆசையால், 2010-ஆம் ஆண்டுத் தயாரிப்பான போர்ஷே கேமன் ஒன்றை மூன்று ஆண்டுகளுக்கு முன்பு செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 2.9 லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ இல்லாத எஞ்சின், மேனுவல் கியர். ஏர் ஃபில்டர், எக்ஸாஸ்ட், ஈ.சி.யூ. ரீமேப் (எஞ்சினை இயக்கும் கணினியின் மென்பொருளை மாற்றுவது) மூன்றையும் சேர்த்துச் செய்தால் 265 குதிரைத்திறன் 310 ஆகிவிடும் என்று ஒரு பட்டறையில் சொல்கிறார்கள். என் தம்பியோ, "அண்ணா, அந்தப் பணத்தையும் போட்டு இந்தக் காரை மாற்றி டர்போ கார் வாங்கிவிடுங்கள்" என்கிறான். பந்தயத்துக்குப் போகும் எண்ணம் எனக்கு இல்லை. என் மனத்திருப்திக்காகத்தான் கேட்கிறேன். எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: மனத்திருப்திக்காக என்று எழுதும்போது உங்கள் எழுத்தில் ஒரு தயக்கம் தெரிகிறது. தயங்க வேண்டியதில்லை. தோப்பில் ஒரு மரத்தை விலைக்காக வளர்ப்பவரும் உண்டு, நிழலுக்காக வளர்ப்பவரும் உண்டு. இருவருமே தண்ணீர் ஊற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் எந்தத் திருப்தி வேண்டும் என்பதை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். குதிரைத்திறன் எண்ணைப் பிறரிடம் சொல்வதில் கிடைப்பது ஒன்று. ஸ்டீயரிங்கைத் திருப்பிய கணத்தில், பெடலை மிதித்த கணத்தில், கார் நம் எண்ணத்தோடு சேர்ந்து நகர்வதில் கிடைப்பது வேறொன்று. உங்கள் கார் இரண்டாவதற்காகவே உருவாக்கப்பட்டது, அதில்தான் நீங்கள் போடும் பணத்துக்குப் பலன் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

முதலில் அந்த 310-ஐப் பார்த்துவிடுவோம். டர்போ என்பது காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கும் கருவி; அது இல்லாத எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளுவது வெளியே இருக்கும் வளிமண்டல அழுத்தம் மட்டுமே. பிஸ்டன் கீழே இறங்கும்போது எவ்வளவு காற்று உள்ளே வருகிறதோ அந்த அளவுக்குத்தான் பெட்ரோலை எரிக்க முடியும்; அதற்கு மேல் ஊற்றினால் கரியும் புகையுமே மிச்சம். உங்கள் 2.9 லிட்டர் எஞ்சின் உச்சத்திறன் தரும் 7,200 சுற்றில், நிமிடத்துக்குச் சுமார் 10,000 லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறது. அதன் இன்டேக் குழாய்களின் நீளம், வால்வு திறந்து மூடும் நேரம், எக்ஸாஸ்ட் குழாய்களில் எழும் அழுத்த அலை எல்லாவற்றையும் தொழிற்சாலையிலேயே கணக்கிட்டு, லிட்டருக்கு 91 குதிரைத்திறன் அளவுக்கு எடுத்துவிட்டார்கள். டர்போ காரில் மென்பொருளை மாற்றி அழுத்தத்தைக் கூட்டினால் திறன் நூற்றுக்கு இருபதுக்கு மேலும் ஏறுவது சாதாரணம். இங்கே கூட்டுவதற்கு அழுத்தம் என்று ஒன்று இல்லாததால், ரீமேப் மட்டும் செய்தால் நூற்றுக்கு மூன்று, மிஞ்சினால் ஐந்து கிடைக்கும். எஞ்சினிலிருந்து நேரே வெளிவரும் ஹெட்டர் குழாய்கள் வரை எக்ஸாஸ்ட் முழுவதையும் மாற்றினாலும் மொத்த லாபம் பத்து விழுக்காட்டைத் தொடுவது அரிது. 45 குதிரைத்திறன் கூடும் என்பவரிடம், இதே மாடலில் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரே டைனோவில் (திறனை அளக்கும் கருவி) ஒரே நாளில் எடுத்த இரண்டு தாள்களைக் காட்டச் சொல்லுங்கள்.

இந்தக் காரை உருவாக்கியவர்களே பின்னால் எந்த வழியில் போனார்கள் என்பதைக் கவனிப்பது நல்லது. 2010-இன் இறுதியில் அவர்கள் கேமன் ஆர் என்ற மாடலை அறிமுகப்படுத்தினார்கள். கேமன் எஸ் மாடலைவிட அதில் கூடியது 10 குதிரைத்திறன் மட்டுமே. ஆனால் எடையில் 55 கிலோ குறைந்தது. கதவுகள் அலுமினியத்தில் வந்தன, உள்பக்கக் கைப்பிடிக்குப் பதிலாக ஒரு துணிப்பட்டை வந்தது, சஸ்பென்ஷன் 20 மில்லிமீட்டர் தாழ்ந்தது. நமக்குப் பக்கத்திலும் சான்று இருக்கிறது. கோவையின் கரிவரதன், 1980-களின் பிற்பகுதியில் மாருதி 800-இன் 796 சி.சி. எஞ்சினை வைத்தே ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களைக் கட்டினார். நாற்பது குதிரைத்திறனைக்கூட எட்டாமல் சாலையில் ஓடிய அந்த எஞ்சினை, எடை குறைந்த குழாய்ச் சட்டத்தில் தரையோடு தரையாக உட்கார வைத்தபோது ஒரு தலைமுறையே பந்தயம் ஓட்டக் கற்றுக்கொண்டது. செட்டிப்பாளையத்தில் உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் 2.1 கிலோமீட்டர் பந்தயத்தடம் அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது.

இனி உங்கள் காருக்கு வருவோம். பதினைந்து ஆண்டுகளைக் கடந்த கார், தொழிற்சாலையை விட்டு வந்தபோது இருந்த நிலையில் இன்று இருக்க வாய்ப்பே இல்லை. ஷாக் அப்சார்பர் களைத்திருக்கும், சஸ்பென்ஷன் கைகளில் உள்ள ரப்பர் புஷ்கள் நம் வெயிலில் வெடித்திருக்கும், எஞ்சின் மவுண்ட் தொய்ந்திருக்கும், இக்னிஷன் காயில்களின் மேற்பகுதியில் மெல்லிய விரிசல் விட்டிருக்கும். இந்தத் தேய்மானம் நாளுக்கு நாள் மெதுவாக நடப்பதால், ஓட்டுபவருக்குத் தெரிவதே இல்லை. கார் மந்தமாகிவிட்டது என்று மட்டும் தோன்றும், உடனே குதிரைத்திறன் ஆசை வரும். ஆகவே முதல் ஆண்டுச் செலவு முழுவதையும், காரை அதன் பிறந்தநாள் நிலைக்குக் கொண்டுவருவதில் போடுங்கள். அதற்குப் பிறகு ஓட்டிப் பார்ப்பவர்களில் பாதிப் பேர் மேற்கொண்டு எதுவும் வேண்டாம் என்று சொல்வதை நான் பார்த்திருக்கிறேன்.

அதிலும் முதன்மையானது டயர். ஷெட்டிலேயே நிற்கும் கார்களில் டயரின் பட்டன் தேயாமல் இருக்கும், ரப்பர் மட்டும் கல்லாகிப் போயிருக்கும். பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 2315 என்றிருந்தால் 2015-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். எவ்வளவு புதிதாகத் தோன்றினாலும் அத்தகைய டயரை மாற்றிவிடுங்கள். தொழிற்சாலை சொன்ன அளவிலேயே, ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும் நல்ல டயராகப் போடுங்கள். நம் பக்கத்து மழைக்கு அது அழகுக்காகச் செய்யும் காரியம் ஆகாது. டயருக்குப் பிறகு நான்கு சக்கரத்துக்குமான அலைன்மென்ட். கேம்பர் (சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் கோணம்), டோ (சக்கரத்தின் முன்பக்கம் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு) இரண்டிலும் தொழிற்சாலை ஒரு வரம்பைக் கொடுத்திருக்கிறது. அந்த வரம்புக்குள்ளேயே, முன் சக்கரங்களின் கேம்பரைச் சற்று உள்நோக்கிச் சாய்த்து, இடது வலது இரண்டும் துல்லியமாக ஒத்துப்போகும்படி வைத்தாலே திருப்பங்களில் மூக்கு திரும்பும் விதம் மாறிவிடும். ஒரு நாள் வேலை, சில ஆயிரம் ரூபாய். நான் அறிந்த வரை இந்த வகைக் கார்களில் இதைவிட மலிவான மகிழ்ச்சி இல்லை.

பிரேக்கைப் பற்றி ஒன்று. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளுக்கு நீங்கள் நிச்சயம் போவீர்கள். ஏறுவது எஞ்சினின் வேலை, இறங்குவது பிரேக் ஆயிலின் வேலை. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிட்டால் அந்த எல்லை 155 டிகிரி வரை இறங்கிவிடுகிறது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள். தேவையானால் கொஞ்சம் உயர்தரப் பேட் போடலாம்; பெரிய காலிப்பர் உங்களுக்கு அவசியமில்லை.

ஏர் ஃபில்டர் விஷயத்தில் என் சொந்த அனுபவத்தைச் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் என் காரில், ஒரு பட்டறையின் பேச்சைக் கேட்டு, மூடிய ஏர் பாக்ஸைக் கழற்றிவிட்டுத் திறந்த கூம்பு ஃபில்டர் மாட்டினேன். உறுமல் நெஞ்சை நிறைத்தது. வாளையாறில் சித்திரை வெயிலில் லாரிகளுக்குப் பின்னால் அரை மணி நேரம் ஊர்ந்து, பிறகு திறந்த சாலையில் மிதித்தபோதுதான், கார் முன்பைவிட மெதுவாகப் போவது தெரிந்தது. காரணம் எளியது. எஞ்சின் அறையின் சூடான காற்றை அது குடித்துக்கொண்டிருந்தது. உள்ளே போகும் காற்று 40 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏறினால் அதன் அடர்த்தி சுமார் 6 விழுக்காடு குறைகிறது. ஃபில்டர் தருவதாகச் சொல்லும் லாபத்தைவிட அது பெரிய நட்டம். உங்கள் கேமனில் எஞ்சின் இருக்கைக்குப் பின்னால் அடைபட்டு இருக்கிறது. கதவுக்குப் பின்னால் பக்கவாட்டிலுள்ள துளை வழியாகவே வெளிக்காற்று ஏர் பாக்ஸுக்குப் போகிறது. அந்தப் பாதையைக் கெடுக்க வேண்டாம். நல்ல காகித ஃபில்டரைத் தவறாமல் மாற்றினால் போதும், நம் செம்மண் தூசிக்கு அதுவே பாதுகாப்பும்கூட.

எக்ஸாஸ்டை மாற்றினால் சத்தம் அழகாகும் என்பதை மறுக்கமாட்டேன். ஆறு சிலிண்டர் பாக்ஸர் எஞ்சினின் குரலுக்காகவே இந்தக் காரை வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆசையின் சட்டப் பக்கத்தைக் கீழே வேறொரு கேள்வியில் சொல்கிறேன். ரீமேப்பை மட்டும் கடைசிக்கு வையுங்கள், அதற்கு முன் பெட்ரோலைப் பாருங்கள். இந்த எஞ்சினின் கம்ப்ரஷன் (பிஸ்டன் கலவையை அழுத்தும் விகிதம்) 11.5-க்கு 1, 98 ஆக்டேன் பெட்ரோலை மனத்தில் வைத்துச் செய்தது. ஆக்டேன் குறைந்தால் எஞ்சினில் உள்ள நாக் சென்சார், பெட்ரோல் நேரம் தவறி எரிவதால் எழும் தட்டலைக் கேட்டு இக்னிஷனைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. கார் பாதுகாப்பாக ஓடும், திறன் குறையும். கோவைப் பக்கம் போகும்போது உயர் ஆக்டேன் பெட்ரோல் கிடைக்கும் பங்க்கைத் தெரிந்து வைத்துக்கொண்டு இரண்டு டேங்க் தொடர்ந்து ஓட்டிப் பாருங்கள். ரீமேப்புக்குப் பணம் கொடுத்து வாங்க நினைத்ததில் ஒரு பகுதி அதிலேயே திரும்பக் கிடைக்கும்.

எடை குறைந்த ஃப்ளைவீல் (எஞ்சினின் சுழற்சியைச் சீராக்கும் சக்கரம்) போடச் சொல்வார்கள். உங்கள் காரில் இருப்பது அதிர்வை விழுங்கும் இரட்டை ஃப்ளைவீல். அதை எடுத்துவிட்டு ஒற்றை ஃப்ளைவீல் போட்டால் சுற்று சட்டென்று ஏறும், கூடவே கியர்பாக்ஸ் கடகடக்கும், கிராங்க்கின் அதிர்வும் அடங்காது. வேண்டாம். பெடல் பூஸ்டர் என்று விற்கப்படும் சின்னப் பெட்டி, நீங்கள் கால்வாசி மிதித்ததைப் பாதி என்று எஞ்சினுக்குச் சொல்வதைத் தவிர எதையும் செய்வதில்லை. எடையைக் குறைக்க விரும்பினால் சக்கரத்திலும் பேட்டரியிலும் தொடங்குங்கள். 1,330 கிலோ காரில் 40 கிலோ குறைப்பது, வேகம் பிடிப்பதைப் பொறுத்தவரை 8 குதிரைத்திறன் கூட்டியதற்குச் சமம். பிரேக் பிடிக்கும்போதும் திரும்பும்போதும் கிடைக்கும் பலன் அதற்கு மேல். காரைத் தாழ்த்துவது மட்டும் வேண்டாம். வேலந்தாவளம் சாலையின் வேகத்தடைகளை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் இடையில் குறைந்தது ஒரு மாதம் ஓட்டுங்கள். நான்கு வேலையை ஒரே நாளில் செய்துவிட்டால், நன்றாக ஆனதற்கு எது காரணம், கெட்டுப்போனதற்கு எது காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. தம்பியிடம் சொல்லுங்கள்: டர்போ கார் நேர்ச்சாலையில் வேகமாகத்தான் போகும், அவர் சொல்வது உண்மை. ஆனால் 7,000 சுற்றை நோக்கி ஒரே சீராக ஏறும் எஞ்சினை, மிதித்த அளவுக்கு மிதித்த கணமே பதில் சொல்லும் பெடலை, இன்று புதிய கார்களில் தேடிப்பிடிப்பது கடினம். அதை விற்றுவிட்டால் மறுபடி கிடைப்பது அரிது.

கேள்வி: மூணாறுக்கு ஏறும்போது என் டர்போ இல்லாத கார் மூச்சு வாங்குகிறது, நண்பரின் டர்போ கார் சளைக்காமல் ஏறுகிறது. மலைக்கென்று தனியாக ட்யூனிங் செய்ய முடியுமா? (மறையூர் வாசகர்)

பதில்: மூணாறு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 14 விழுக்காடு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் அந்த அளவுக்குத் திறனை இழந்தே தீரும். நண்பரின் காரில் டர்போ கூடுதல் வேகத்தில் சுழன்று அந்தக் குறையை ஈடுகட்டுகிறது. கார்புரேட்டர் காலத்தில் மலைக்கு ஏற்றபடி ஜெட் (பெட்ரோல் வரும் சிறு துளை) மாற்றும் வழக்கம் இருந்தது. இப்போதைய காரில் உள்ளே வரும் காற்றை சென்சார் அளந்து பெட்ரோலைத் தானே குறைத்துக்கொள்வதால், மென்பொருளில் கூட்டுவதற்கு எதுவும் இல்லை. ஒரு கியர் கீழே வைத்து, சுற்றை நடுப்பகுதிக்கு மேல் வைத்திருந்து ஓட்டுங்கள். எஞ்சின் கத்துகிறதே என்று பயப்பட வேண்டாம். குறைந்த சுற்றில் முழுதாக மிதித்து இழுக்க வைப்பதுதான் அதற்கு வேதனை. டிக்கியில் நிரந்தரமாகக் கிடக்கும் சாமான்களையும் இறக்கி வையுங்கள்.

கேள்வி: ஆந்திராவின் நகரியில் தறி நடத்துகிறேன். என்னிடம் 2002-ஆம் ஆண்டு ஃபியட் பேலியோ 1.6 இருக்கிறது. எஞ்சினைப் பிரித்து ஓவராயிலிங் செய்யப் போகிறோம். அப்படியே பந்தய கேம் ஷாஃப்ட் போட்டு, கம்ப்ரஷனையும் ஏற்றிவிட்டால் என்ன?

பதில்: 100 குதிரைத்திறனும் கனமான ஸ்டீயரிங்கும் கொண்ட அந்தக் காரை இத்தனை ஆண்டுகள் காப்பாற்றி வைத்திருப்பதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். பந்தய கேம் என்பது வால்வை அதிக நேரம் திறந்து வைக்கும் கேம். அதிவேகச் சுற்றில், உள்ளே பாயும் காற்று தன் வேகத்தாலேயே மேலும் மேலும் நுழைவதால் அந்தக் கூடுதல் நேரம் பயன்படுகிறது. குறைந்த சுற்றிலோ உள்ளே வந்த காற்றில் ஒரு பங்கு திரும்பி இன்டேக்குக்கே போய்விடுகிறது. ஐடிலில் கார் குலுங்கும், 3,000 சுற்று வரை இழுவை இருக்காது. திருத்தணி, திருப்பதி என்று தினமும் ஊருக்குள் புகுந்து வரும் உங்களுக்கு அது துன்பம். சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த நாட்களில், பந்தயக் கார்களை அங்கே லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தவர்கள் இருந்ததன் காரணங்களில் இதுவும் ஒன்று.

எஞ்சின் பிரியும்போது செய்ய வேண்டிய வேலை வேறு. சிலிண்டர் ஹெட்டைத் திறமையான ஒருவரிடம் கொடுத்து, வால்வு சீட்டைப் பல கோணங்களில் வெட்டச் செய்து, போர்ட்டுகளில் வார்ப்பின்போது நின்றுபோன பிசிறுகளை நீக்கி, இன்டேக் மேனிஃபோல்டின் வாயும் ஹெட்டின் வாயும் கேஸ்கெட்டும் ஒரே கோட்டில் பொருந்தும்படி செய்யச் சொல்லுங்கள். பிஸ்டன்களையும் கனெக்டிங் ராடுகளையும் தராசில் வைத்து ஒரே எடைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். கேம் பழையதே இருக்கட்டும். இந்த வேலையின் பலன் எண்ணில் சிறிதாகத் தெரியும். ஆனால் எஞ்சின் தையல் இயந்திரம் போல ஓடும். கம்ப்ரஷனை ஏற்றுவதை நான் ஆதரிக்கவில்லை, ஏனென்றால் ஊருக்கு ஊர் பெட்ரோலின் தரம் மாறும்போது தட்டலுக்குப் பயந்து ஓட்ட வேண்டியிருக்கும். டைமிங் பெல்ட்டையும் பழைய பெட்ரோல் ரப்பர் குழாய்களையும் மறக்காமல் மாற்றுங்கள். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலை நினைத்து அந்தக் காலத்துக் குழாய்கள் செய்யப்படவில்லை.

கேள்வி: களியக்காவிளையில் வசிக்கிறேன், வேலை திருவனந்தபுரத்தில். எக்ஸாஸ்ட் மாற்றிய காரோடு தினமும் எல்லை கடக்கலாமா?

பதில்: கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. மாறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உரிமையாளருக்கு விதிக்கப்படலாம். சத்தம், புகை விதிகளை மீறினால் அது தனிக் குற்றம். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை எடுப்பது இவற்றிலெல்லாம் மோசமானது; பின்னால் பைக்கில் குழந்தையோடு வருபவர் அந்தப் புகையைத்தான் சுவாசிக்கிறார். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் மாற்றங்களைக் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்கவும் இடமிருக்கிறது. தரமான டயர், பிரேக் பேட், அலைன்மென்ட், புதிய புஷ், தொழிற்சாலை அளவிலேயே ஷாக் அப்சார்பர் ஆகியவை பராமரிப்புக்குள் அடங்குபவை. நான் மேலே கேமன் வாசகருக்குச் சொன்ன வரிசையே அவற்றில்தான் தொடங்குகிறது. உறுமும் எக்ஸாஸ்ட்தான் வேண்டும் என்றால், அதைத் தனிக் காரில் மாட்டி, லாரியில் ஏற்றிச் செட்டிப்பாளையம் பந்தயத்தடத்துக்கோ இருங்காட்டுக்கோட்டை பந்தயத்தடத்துக்கோ கொண்டுபோய் ஓட்டுங்கள்.

கேள்வி: டைனோ இல்லாமல், செய்த மாற்றம் பலித்ததா என்று தெரிந்துகொள்வது எப்படி? (மீனாட்சிபுரம் வாசகர்)

பதில்: காரின் கணினியோடு இணையும் ஓ.பி.டி. துளையில் செருகும் சிறு கருவி ஒன்று வாங்கி, போனில் பதிவு செய்யுங்கள். ஆள் நடமாட்டம் இல்லாத, சமதளமான ஒரே சாலையில், மூன்றாவது கியரில் 2,000 சுற்றிலிருந்து 4,000 சுற்றுக்கு ஏற எத்தனை விநாடி ஆகிறது என்று மாற்றத்துக்கு முன் ஐந்து முறை, பின் ஐந்து முறை எடுங்கள். பெட்ரோல் அளவு, டயர் காற்று, காரில் இருக்கும் ஆட்கள், நாளின் நேரம் எல்லாம் ஒன்றாக இருக்கட்டும். உள்ளே வரும் காற்றின் வெப்பத்தையும் அதே கருவி காட்டும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊருக்கு மட்டும் இன்னொரு நிபந்தனை உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் மேற்குக் காற்று, கிழக்கு நோக்கி ஓட்டும்போது காரைத் தள்ளும், திரும்பி வரும்போது பிடித்து இழுக்கும்; ஆகவே இரு திசைகளிலும் ஓட்டிச் சராசரி எடுங்கள், முடிந்தால் பனைமட்டை அசையாத விடியற்காலையாகப் பார்த்து எடுங்கள்.